கரையற்ற கட்டி

நுழையும்முன்

உடலில் தோன்றும் நோய்களுள் பெரும்பாலானவை ஓர் உறுப்பின் செயலைக் குறைக்கின்றன. மூளையில் தோன்றும் நோயோ மனிதரின் பேச்சு, நினைவு, இயல்பு ஆகியவற்றையே மாற்றிவிடக்கூடியது. பெரியவர்களின் மூளையில் உருவாகும் தீங்குறு கட்டிகளுள் மிகக் கடுமையானது கிளியோபிளாஸ்டோமா. அது எவ்வாறு தோன்றுகிறது, அதனை ஏன் முழுமையாக அகற்ற முடிவதில்லை, மருத்துவம் அதற்கு எதிராக என்ன செய்கிறது, நோயுற்றவருக்கு உடனிருப்போர் என்ன செய்யலாம் என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வெயிலும் தலைவலியும்

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரம் மரக்காணத்து உப்பளங்களால் பெயர்பெற்றது. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் மரக்காணமே என ஆய்வாளர் கருதுவர். அங்கிருந்து தெற்கே, தேவாரப் பாடல்பெற்ற தலமான இரும்பையைச் சுற்றிச் செம்மண் மேடுகளும் முந்திரித் தோப்புகளும் பரந்துள்ளன. உப்பளத்திலும் தோப்பிலும் வயலிலும் வெயிலில் நின்று உழைப்போருக்குத் தலைவலி புதியதன்று. வியர்வையால் உடலின் நீர் குறைகிறது. பாத்திகளின் வெண்மையில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கூசச் செய்கிறது. மாலைக்குள் தலை கனக்கிறது. நிழலில் அமர்ந்து, போதிய நீர் அருந்தி, நன்கு உறங்கி எழுந்தால் அவ்வலி பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

தலைவலியுறும் நூறு பேரைப் பார்த்தால், அவர்களுள் ஒருவருக்குக்கூட மூளையில் கட்டி இல்லாதிருப்பதே இயல்பு. ஆதலால் தலைவலி கண்டவுடன் அஞ்சத் தேவையில்லை. ஆயினும், மிக அரிதாக வரும் ஒரு நோய் அன்றாடம் காணும் அறிகுறியை அணிந்துகொண்டு வரும்போது, அதனை ‘வெயில் வலி’ என்று ஒதுக்கிவிடும் நிலை ஏற்படுகிறது. எந்த வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்காக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று பிரித்தறிய, மூளையின் அமைப்பையும் அதில் தோன்றும் கட்டியின் தன்மையையும் ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும்.

மூளையும் அதன் துணைச்செல்களும்

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் எடை கொண்டது. அதில் சுமார் 8,600 கோடி நரம்புச்செல்கள் உள்ளன என்று கணக்கிடப்பட்டுள்ளது. அவற்றுக்கு இணையான எண்ணிக்கையில் வேறு வகைச் செல்களும் இருக்கின்றன. அவை நரம்புச்செல்களைத் தாங்குகின்றன, அவற்றுக்கு ஊட்டம் சேர்க்கின்றன, நரம்பிழைகளுக்கு உறையிடுகின்றன, கழிவை நீக்குகின்றன. 1856இல் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ இவற்றை நரம்புகளை ஒட்டவைக்கும் பசை போன்ற பொருள் எனக் கருதி ‘நியூரோகிளியா’ என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘கிளியா’ என்பது பசையைக் குறிக்கும் சொல். அவை வெறும் பசையல்ல, மூளையின் இயக்கத்தில் பங்குகொள்ளும் செல்கள் என்பது பின்னரே தெளிவாயிற்று. எனினும் பெயர் நிலைத்துவிட்டது.

முதிர்ந்த நரம்புச்செல்கள் பெரும்பாலும் மீண்டும் பிரிவதில்லை. கிளியா செல்களுக்கும் அவற்றின் முன்னோடிச் செல்களுக்கும் பிரிந்து பெருகும் ஆற்றல் உண்டு. இவ்வாற்றல் கட்டுப்பாட்டை மீறும்போது உருவாகும் கட்டிகள் ‘கிளியோமா’ எனப்படுகின்றன.

மூளையில் காணப்படும் கட்டிகள் யாவும் ஒரே தன்மையுடையவை அல்ல. நுரையீரல், மார்பகம் முதலிய உறுப்புகளில் தோன்றிய புற்று, குருதி வழியாக மூளைக்குப் பரவி அங்கே கட்டியாவது உண்டு. மூளையைச் சூழ்ந்த உறையில் தோன்றும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் தீங்கற்றது, மெல்ல வளர்வது, பல நேரங்களில் முழுமையாக அகற்றத்தக்கது. மூளைத்திசுவிலேயே தோன்றும் கிளியோமாக்கள் வேறொரு பிரிவைச் சேர்ந்தவை. உலக நலவாழ்வு அமைப்பு மூளைக் கட்டிகளை அவற்றின் கடுமைக்கேற்ப ஒன்று முதல் நான்கு வரை தரப்படுத்துகிறது. நான்காம் தரத்தில் வைக்கப்பட்டுள்ள கிளியோபிளாஸ்டோமாவே பெரியவர்களின் மூளைத்திசுவில் தோன்றும் தீங்குறு கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவதுமாகும்.

உப்புப் பாத்தி கற்பிக்கும் பாடம்

ஒரு கட்டியை அறுத்து எடுத்துவிட்டால் நோய் தீர்ந்துவிடும் என்று எண்ணுவது இயல்பே. உடலின் பிற பகுதிகளில் தோன்றும் பல கட்டிகளுக்கு இவ்வெண்ணம் பொருந்தவும் செய்கிறது. அறுவை மருத்துவர் கட்டியையும் அதனைச் சுற்றியுள்ள சிறிதளவு நலமான திசுவையும் சேர்த்து அகற்றுவார். கிளியோபிளாஸ்டோமாவில் இம்முறை ஏன் போதுவதில்லை என்பதை உப்பளத்தின் தொழிலோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம்.

உப்புப் பாத்தியில் நீர் வற்றும்போது உப்பு படிகமாகிறது. தொழிலாளர் அதனைப் பலகையால் வாரிக் கரையில் குவிக்கின்றனர். வாரிய பின்னர்ப் பாத்தியில் தேங்கிநிற்கும் நீர் வெறும் நீர்போலவே கண்ணுக்குத் தோன்றும். ஆனால் அதன் ஒவ்வொரு துளியிலும் உப்பு கரைந்திருக்கிறது. மீண்டும் வெயில் காய்ந்தால் மீண்டும் படிகம் தோன்றும். எவ்வளவு கவனமாக வாரினாலும், நீரில் கரைந்துள்ள உப்பைப் பலகையால் வார இயலாது.

கிளியோபிளாஸ்டோமாவும் இத்தகையதே. எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் கட்டி, பாத்தியில் திரண்ட படிகத்தைப் போன்றது. அதற்கு அப்பால், நலமானதாகத் தோன்றும் மூளைத்திசுவுக்குள் கட்டியின் செல்கள் ஒன்றிரண்டாக ஊடுருவிச் சென்றிருக்கும். அவை நரம்பிழைகளையும் குருதிக் குழாய்களையும் பற்றி நகர்கின்றன. இடப்பாதி மூளையையும் வலப்பாதி மூளையையும் இணைக்கும் நரம்பிழைக் கற்றையின் வழியாக மறுபாதிக்கும் செல்கின்றன. இக்கட்டிக்குக் கரை இல்லை. கட்டி முடிந்து மூளை தொடங்கும் இடம் இதுவென்று கோடு கிழித்துக் காட்ட எவராலும் இயலாது.

அமெரிக்க நரம்பறுவை மருத்துவர் வால்டர் டாண்டி இவ்வுண்மையை அதன் கடைசி எல்லை வரை சென்று கண்டார். கிளியோமாவால் வலப்பாதி மூளை சிதைந்து உடலின் இடப்பக்கம் முன்னரே செயலிழந்துவிட்ட சிலருக்கு அவர் அப்பாதி மூளை முழுவதையும் அகற்றினார்; அவ்வறுவையைப் பற்றி 1928இல் எழுதினார். அத்துணைப் பெரிய அறுவைக்குப் பின்னரும் நோய் மீண்டது. கட்டியின் செல்கள் அதற்கு முன்பே எஞ்சிய பாதியை அடைந்திருந்தன.

கரையின்மையோடு வேகமும் இதன் இயல்பு. கட்டியின் நடுப்பகுதி தனக்குக் கிடைக்கும் குருதி போதாமல் அழிந்துபோகும் அளவுக்கு விரைந்து வளர்கிறது. அக்குறையை ஈடுசெய்யப் புதிய குருதிக் குழாய்களை அது உருவாக்கிக்கொள்கிறது. இக்குழாய்கள் உறுதியற்றவை, அவற்றிலிருந்து நீர் கசிந்து சுற்றியுள்ள மூளை வீங்குகிறது. மண்டையோடு விரிந்துகொடுக்காத ஆதலால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. உடலின் பிற பகுதிகளுக்கு இந்நோய் பரவுவது மிக அரிது. மூளைக்குள் இருந்தே உயிருக்கு இடர் விளைவிக்கிறது.

காரணம் எனக் கருதப்படுபவை

நோய் வந்த இல்லத்தில் முதலில் எழும் வினா, ‘ஏன் வந்தது?’ என்பதே. கிளியோபிளாஸ்டோமா தோன்றியவர்களுள் பெரும்பாலோருக்குச் சுட்டிக்காட்டத்தக்க புறக்காரணம் எதுவும் இல்லை. செல்கள் பிரியும்போது மரபணுக்களில் நிகழும் பிழைகள் காலப்போக்கில் சேர்ந்து, வளர்ச்சியைத் தூண்டும் மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. வளர்ச்சியைத் தடுக்கும் மரபணுக்களைச் செயலிழக்கச் செய்கின்றன. இப்பிழைகள் கட்டியின் செல்களில் மட்டுமே உள்ளவை. ஆதலால் இந்நோய் பெற்றோரிடமிருந்து மக்களுக்குப் பெரும்பாலும் வழிவழியாக வருவதில்லை. லை-ஃபிராமெனி போன்ற சில அரிய மரபுக் குறைபாடுகள் உள்ள குடும்பங்கள் மட்டுமே இதற்கு விலக்கு.

தலைப்பகுதியில் முன்னர் மிகுதியாகப் பெற்ற கதிர்வீச்சு, ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட புறக்காரணமாகும். வயது ஏற ஏற இந்நோய்க்கான வாய்ப்புக் கூடுகிறது. பெண்களைவிட ஆண்களிடம் சற்று மிகுதியாகக் காணப்படுகிறது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஓர் இலட்சம் பேரில் ஏறத்தாழ மூவருக்கு இது கண்டறியப்படுகிறது.

கைப்பேசியே காரணம் என்னும் கருத்து மக்களிடையே பரவலாக உண்டு. 2011இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, வானொலி அலைவரிசைக் கதிர்களைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் ஐயப்பட்டியலில் சேர்த்தது. அதன்பின் ஆய்வுகள் தொடர்ந்தன. உலக நலவாழ்வு அமைப்பின் ஏற்பாட்டில் 2024இல் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பு, கைப்பேசிப் பயன்பாட்டுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று கூறியது.

இந்நோய் தொற்றுவதன்று. நோயுற்றவரோடு உண்பதாலும் உறங்குவதாலும் பிறருக்கு வாராது. அவர் செய்த தவறும், குடும்பத்தார் காட்டிய கவனக்குறைவும் இதற்குக் காரணமல்ல. இதனைத் தெளிவாக உணர்ந்தால், நோயின் சுமையோடு குற்றவுணர்வின் சுமையையும் ஒரு குடும்பம் சேர்த்துச் சுமக்க நேராது.

அறிகுறிகள்

மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பணி உண்டு. ஆதலால் கட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறுபடும். பேச்சுக்குரிய பகுதியில் இருந்தால் சொற்கள் நாவில் வாராமல் தடுமாறும். தெரிந்த பொருளின் பெயர்கூட மறந்துபோகும். இயக்கத்துக்குரிய பகுதியில் இருந்தால் எதிர்ப்பக்கக் கையோ காலோ வலுவிழக்கும். பின்மூளைப் பக்கத்தில் இருந்தால் பார்வையின் ஒரு பாதி மறையும். முன்பக்கத்தில் இருந்தால் இயல்பே மாறும்: பொறுமைசாலி எரிந்து விழுவார், கணக்கில் தேர்ந்தவர் சில்லறை எண்ணத் தடுமாறுவார், கலகலப்பானவர் எதிலும் நாட்டமின்றி அமர்ந்திருப்பார். இம்மாற்றத்தைக் கவலையென்றும் முதுமையென்றும் பிடிவாதமென்றும் வீட்டார் கருதிக்கொள்வதால் நாள்கள் கழிந்துவிடுகின்றன.

மண்டைக்குள் அழுத்தம் கூடுவதால் வரும் தலைவலி வெயில் வலியினின்று வேறுபடுவது. பெரும்பாலும் அது காலையில் கண் விழிக்கும்போதே மிகுந்திருக்கும், இருமினாலும் குனிந்தாலும் கூடும், வாந்தியோடு வரும், வாரந்தோறும் வலுக்கும். இத்தகைய தலைவலியோடு மேற்சொன்ன அறிகுறிகளுள் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் காலம் தாழ்த்துதல் கூடாது.

பலருக்கு முதல் அறிகுறி வலிப்பாகவே அமைகிறது. இதற்குமுன் வலிப்பே வந்திராத நடுவயதினர் ஒருவருக்கு முதன்முறையாக வலிப்பு வந்தால், அது தானாக நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டி மூளையைப் படமெடுத்துப் பார்த்தல் இன்றியமையாதது. வலிப்பைப் பேயின் செயலெனக் கருதி மந்திரிக்க அழைத்துச் செல்வதும், கையில் இரும்பைத் திணித்து ‘சரியாகிவிட்டது’ என்று அமைதியடைவதும் இன்றும் முற்றிலும் மறையவில்லை. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானே ஓய்ந்துவிடும். அவ்வேளையில் கையில் இருந்த இரும்புக்கு அப்பெருமை போய்ச்சேர்கிறது; வலிப்பை உண்டாக்கிய காரணமோ உள்ளேயே வளர்கிறது.

தெரிந்து தெளிவோம்

வலிப்பு வந்தவருக்குச் செய்யவேண்டியவை: அருகிலுள்ள கூர்மையான, கடினமான பொருள்களை அகற்றுக. தலைக்கடியில் மென்மையான துணியை வைக்க. கழுத்தை இறுக்கும் ஆடையைத் தளர்த்துக. இயன்றவுடன் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க. வலிப்பு நீடிக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்க.

செய்யக்கூடாதவை: வாயில் எதையும் திணித்தல் கூடாது. கை கால்களை அழுத்திப் பிடித்தல் கூடாது. முழு நினைவு திரும்பும்வரை நீரோ உணவோ தருதல் கூடாது. ஐந்து நிமிடங்களுக்கு மேல் வலிப்பு நீடித்தாலும், நினைவு திரும்பாமல் மீண்டும் வலிப்பு வந்தாலும், உடனே 108 அவசர ஊர்தியை அழைக்க.

கண்டறியும் வழிகள்

மூளையைப் படமெடுக்கும் கருவிகள் இல்லாத காலத்தில் அறிகுறிகளே வழிகாட்டின. 1884ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இலண்டனில் ஓர் இளம் உழவருக்கு இடப்பக்கக் கையில் துடிப்பும் தளர்ச்சியும் கண்டன. வெளியே வீக்கமோ காயமோ எதுவும் இல்லை. அறிகுறிகளை மட்டும் கொண்டு, மூளையின் வலப்பக்க இயக்கப் பகுதியில் கட்டி இருக்கவேண்டும் என்று ஹியூஸ் பென்னட் என்னும் மருத்துவர் உய்த்துணர்ந்தார். ரிக்மன் காட்லி என்னும் அறுவை மருத்துவர் அவ்விடத்தில் மண்டையோட்டைத் திறந்தார். சொன்ன இடத்தில் கட்டி இருந்தது. அஃது ஒரு கிளியோமா. கட்டி அகற்றப்பட்டது. எனினும் ஏறத்தாழ ஒரு திங்களுக்குள் நோய்த்தொற்றால் அந்த உழவர் உயிரிழந்தார். மூளைக்குள் மறைந்துள்ள கட்டியின் இடத்தை வெளியிலிருந்தே கணிக்கலாம் என்பதை அந்நிகழ்வு உலகுக்குக் காட்டியது.

1971இல் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவி முதன்முதலில் நோயாளி ஒருவருக்குப் பயன்பட்டது. மூளையில் கட்டி இருக்கலாம் என ஐயுற்ற ஒரு பெண்மணிக்கே அப்படம் எடுக்கப்பட்டது. இக்கண்டுபிடிப்புக்காக ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மாக்குக்கும் 1979இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று எம்.ஆர்.ஐ. மூளையின் நுண்மைகளை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஆயினும் படத்தை மட்டும் கொண்டு முடிவு செய்துவிடலாகாது. சீழ்க்கட்டி, காசநோய்க்கட்டி, நாடாப்புழுவின் இளநிலையால் தோன்றும் கட்டி ஆகியவையும் மூளையில் உருவாகக்கூடும், இந்தியாவில் இவை அரியவையல்ல, மருந்தால் குணமாகத்தக்கவை. ஆதலால் அறுவையின்போது எடுத்த திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்த பின்னரே கிளியோபிளாஸ்டோமா என உறுதி செய்யப்படுகிறது.

நுண்ணோக்கியோடு மரபணுச் சோதனையும் இப்போது சேர்ந்துள்ளது. 2008இல் ஐ.டி.எச். என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றம் சில கிளியோமாக்களில் இருப்பது கண்டறியப்பட்டது. இம்மாற்றம் உள்ள கட்டிகள் ஒப்பீட்டளவில் மெல்ல வளர்பவை. 2021இல் வெளியான உலக நலவாழ்வு அமைப்பின் வகைப்பாட்டின்படி, இம்மாற்றம் இல்லாதவையே கிளியோபிளாஸ்டோமா எனப் பெயர் பெறுகின்றன. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு கட்டிகளின் போக்கு வெவ்வேறாக இருப்பதன் காரணம் இவ்வாறு புலப்பட்டது.

தமிழகத்தில் நரம்பறுவை மருத்துவம்

இந்தியாவில் நரம்பறுவை மருத்துவம் தனித்துறையாக வேர்கொண்டது தமிழ்நாட்டில்தான். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இத்துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, சீர்காழியில் பிறந்த பா. இராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இதனைத் தொடங்கினார். அதுவரை மூளையில் கட்டி கண்டவர்க்கு இந்நாட்டில் செல்லுமிடம் அரிதாயிருந்தது. இன்று இரும்பையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில் நரம்பறுவைத் துறையும் கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறையும் உள்ளன. தமிழக அரசின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், புற்றுநோய்ச் சிகிச்சையின் செலவைத் தாங்க எளிய குடும்பங்களுக்கு உதவுகிறது.

சிகிச்சை முறைகள்

முதற்படி அறுவைச் சிகிச்சை. பேச்சையும் இயக்கத்தையும் கெடுக்காமல் எவ்வளவு கட்டியை அகற்றலாமோ அவ்வளவையும் அகற்றுவதே அதன் நோக்கம். பேச்சுப் பகுதியை ஒட்டிக் கட்டி இருப்பின், நோயாளியை விழித்திருக்கச் செய்து அறுவை நிகழ்த்தும் முறை உண்டு. மூளைக்கு வலியுணர்வு இல்லை. தோலும் எலும்பும் மட்டும் மரத்துப்போகச் செய்யப்படுகின்றன. மருத்துவர் மூளையின் ஓரிடத்தை மெல்லிய மின்தூண்டலால் தொடும்போது, நோயாளி படங்களைப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டிருப்பார். சொல் தடைப்பட்டால், அவ்விடத்தை மருத்துவர் தொடாமல் விட்டுவிடுவார். பென்ஃபீல்டு மாண்ட்ரியலில் வளர்த்தெடுத்த முறை இது. தாய்மொழியிலேயே இச்சோதனை நடைபெற வேண்டும். எனவே நோயாளியின் மொழியறிந்தவர் அருகிருத்தல் தேவையாகிறது.

அறுவைக்குப் பின், கரைந்து கலந்த செல்களை நோக்கி இரண்டு கருவிகள் செலுத்தப்படுகின்றன. ஒன்று கதிர்வீச்சுச் சிகிச்சை. பொதுவாக 60 கிரே அளவுக் கதிர்வீச்சு, 30 தவணைகளாக, வாரம் ஐந்து நாள்கள் வீதம் ஆறு வாரங்களில் தரப்படுகிறது. முதியோருக்கும் தளர்ந்தோருக்கும் குறுகிய காலத்தில் முடியும் முறை பின்பற்றப்படுகிறது. மற்றொன்று டெமோசோலோமைடு என்னும் மாத்திரை. குருதியில் உள்ள பொருள்கள் மூளைக்குள் எளிதில் நுழையாதவாறு தடுக்கும் இயற்கை அரண் ஒன்று உண்டு. பல புற்றுநோய் மருந்துகளை அது வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. இம்மருந்து அவ்வரணைக் கடந்து செல்லும் திறனுடையது. மூளையின் வீக்கத்தைத் தணிக்க டெக்சாமெத்தசோனும், வலிப்பைத் தடுக்க அதற்குரிய மருந்துகளும் தரப்படுகின்றன.

இவ்விரு சிகிச்சைகளையும் இணைத்துத் தருவதன் பயன், 573 நோயாளிகள் பங்குகொண்ட ஆய்வொன்றில் 2005இல் வெளிப்பட்டது. கதிர்வீச்சு மட்டும் பெற்றோரின் இடைநிலை வாழ்காலம் 12.1 மாதங்கள், மாத்திரையும் சேர்த்துப் பெற்றோரின் இடைநிலை வாழ்காலம் 14.6 மாதங்கள். இரண்டாண்டு வாழ்ந்தோர் முதற்பிரிவில் நூற்றுக்கு 10.4 பேர், இரண்டாம் பிரிவில் 26.5 பேர். ஐந்தாண்டுகள் கழித்து நோக்கியபோது இவ்வெண்கள் முறையே 1.9, 9.8 என இருந்தன. கட்டியின் செல்களில் எம்.ஜி.எம்.டி. என்னும் மரபணு அடங்கியிருப்போருக்கு இம்மருந்து கூடுதலாகப் பயன் தருகிறது. மருந்து விளைவித்த சேதத்தைச் செப்பனிடும் கருவி அச்செல்களில் இயங்காமல் இருப்பதே இதற்குக் காரணம்.

இத்தனைக்குப் பின்னரும் நோய் பெரும்பாலும் மீள்கிறது. மீளும்போது, முன்னர்க் கட்டி இருந்த இடத்தை ஒட்டியே மீள்கிறது.

இடைநிலை என்னும் எண்

கணக்குப் பாடத்தில் ‘இடைநிலை அளவு’ பயிலப்படுகிறது. மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பது இடைநிலை அளவு. மேற்கண்ட ஆய்வில் 14.6 மாதங்கள் என்பதன் பொருள், இரண்டாம் பிரிவினருள் ஒரு பாதியினர் அதற்குக் குறைவாகவும் மறுபாதியினர் அதற்கு மிகுதியாகவும் வாழ்ந்தனர் என்பதே. ஒரு தனிமனிதர் அவ்வரிசையில் எங்கே நிற்பார் என்பதை அவ்வெண் சொல்லாது. வயது, உடல்நிலை, எவ்வளவு கட்டி அகற்றப்பட்டது, மரபணுவின் நிலை ஆகியவை ஒவ்வொருவர்க்கும் மாறுபடுகின்றன. ‘இன்னும் இத்தனை மாதம்’ என்று நாள் குறிப்பது ஆய்வின் எண்ணைத் தவறாகப் படிப்பதாகும். ‘ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாகிவிடும்’ என்று உண்மையை முற்றிலும் மறைப்பதும் தவறே.

உண்மையை மறைப்பதால் விளையும் இழப்பு பெரிது. இந்நோயில் பேச்சும் தெளிவும் நாளடைவில் குறையக்கூடும். தம் விருப்பத்தைச் சொல்லவும், நிலம், கடன் முதலியவற்றை ஒழுங்கு செய்யவும், பார்க்க விரும்புவோரைப் பார்க்கவும் நோயாளிக்கு உரிய காலம் தொடக்கத்திலேயே உள்ளது. மருத்துவரும் குடும்பத்தாரும் அன்போடும் பொறுமையோடும் உண்மையைப் பகிர்ந்தால், அக்காலம் அவருக்கே உரியதாகிறது. மறைத்தால், அவரைப் பற்றிய முடிவுகளை எல்லாம் அவரைத் தவிர மற்றவர்களே எடுக்க நேர்கிறது.

இவ்வேளையில், முழுமையாகக் குணப்படுத்துவதாக உறுதி கூறிப் பெரும்பணம் பெறுவோரிடம் குடும்பங்கள் சிக்கிக்கொள்வதும் உண்டு. முறையான ஆய்வுக்கு உட்படாத மருந்தை நம்பி நிலத்தையும் நகையையும் விற்கும் முன், சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் அம்மருந்தைப் பற்றி வெளிப்படையாகக் கேட்டறிதல் வேண்டும்.

உடனிருப்போர்

மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டென்று திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வகுக்கிறது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். கிளியோபிளாஸ்டோமாவைப் பொறுத்தவரை முதல் மூன்றின் எல்லையும் இப்பாடத்தில் விளக்கப்பட்டது. நான்காம் கூறு செய்யக்கூடியவை பல.

மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுப்பதும், டெக்சாமெத்தசோனை மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தாதிருப்பதும், காய்ச்சல் கண்டால் உடனே தெரிவிப்பதும் உடனிருப்போரின் பொறுப்பு. நோயாளி சினந்து பேசினால், அதனை நோயின் விளைவாக உணர்ந்து பொறுத்தல் வேண்டும். சொல் தடுமாறுபவரிடம் ‘ஆம், இல்லை’ என்று விடையளிக்கத்தக்க வினாக்களைக் கேட்கலாம். அவர் சொல்லை முடிக்கும்வரை காத்திருக்கலாம். வலி, வாந்தி, உறக்கமின்மை ஆகியவற்றைத் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சை, இறுதி நாள்களுக்கு மட்டும் உரியதன்று. நோய் உறுதியான நாள் முதலே பிற சிகிச்சைகளோடு சேர்த்துத் தரத்தக்கது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இச்சிகிச்சை நோயாளியின் இல்லத்துக்கே சென்று அளிக்கப்படுகிறது. பேணுபவரும் களைப்படைவர்; அவருக்கு ஓய்வு தர உறவினரும் அண்டை வீட்டாரும் முறைவைத்து உதவுதல் நன்று.

1884இல் அறுவைக்குட்பட்ட உழவருக்கு ஒரு திங்கள் வாழ்வே கிடைத்தது. இன்று சிகிச்சை பெறுவோருள் கணிசமானோர் இரண்டாண்டைக் கடக்கின்றனர்; சிலர் ஐந்தாண்டைக் கடக்கின்றனர். இவ்வேறுபாடு, அறிகுறியைக் கூர்ந்து நோக்கிய மருத்துவர்கள், கருவிகளை உருவாக்கிய பொறியாளர்கள், ஆய்வுகளில் பங்குகொள்ள இசைந்த நோயாளிகள் ஆகிய பலரின் உழைப்பால் விளைந்தது. கரையற்ற இக்கட்டியை முற்றிலும் நீக்கும் வழி இன்னும் கிட்டவில்லை. அதுவரை, அறிகுறியைக் காலத்தே அறிவதும், உரிய இடத்துக்கு அழைத்துச் செல்வதும், உண்மையோடு உடனிருப்பதும் எவர்க்கும் இயல்வனவாம்.

கற்பவை கற்றபின்

1. வெயிலால் வரும் தலைவலிக்கும் மண்டைக்குள் அழுத்தம் கூடுவதால் வரும் தலைவலிக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.

2. கிளியோபிளாஸ்டோமாவின் பரவலை விளக்க உப்புப் பாத்தி உவமையாகக் கூறப்பட்டுள்ளது. அவ்வுவமை எவ்விடத்தில் பொருந்துகிறது, எவ்விடத்தில் பொருந்தவில்லை என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.

3. வலிப்பு குறித்து உங்கள் ஊரில் நிலவும் நம்பிக்கைகளைத் திரட்டி, அவற்றுக்கு மருத்துவ அறிவியல் தரும் விளக்கத்தையும் சேர்த்து ஒரு சுவரொட்டி உருவாக்குக.